ஜாங்கோ அட்மினில் நிலைமாற்றப் பொத்தான்களைச் சேர்ப்பது எப்படி?

ஜாங்கோ என்ற பைத்தான் வலைக் கட்டமைப்பில், கட்டுரை மாடல் (தரவுத்தள அட்டவணையை விவரிக்கும் வகுப்பு) ஒன்றில் வரைவு, பரிசீலனை, வெளியீடு என்று மூன்று நிலைகள் இருப்பதாகவும், ஜாங்கோவின் நிர்வாகப் பக்கமான அட்மினிலிருந்தே ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்த்த வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிலைப் புலத்துக்கு சாய்சஸ் (ஏற்கத்தக்க மதிப்புகளின் பட்டியல்) கொடுத்தால் ஜாங்கோ தானாகவே ஒரு தேர்வுப் பட்டியலைக் காட்டிவிடும். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். என் முதல் திட்டத்தில் நான் அப்படித்தான் விட்டிருந்தேன். யாரும் பரிசீலிக்காத வரைவு ஒன்று ஒரே சொடுக்கில் வெளியாகிவிட்டது. அதைத் தடுக்கும் வரி நிரலில் எங்குமே இல்லை.

ஆகவே, முதலில் அந்தப் புலத்தை ரீட்ஒன்லி_ஃபீல்ட்ஸில் (படிக்க மட்டுமே முடியும் புலங்களின் பட்டியலில்) சேர்த்துவிடுங்கள். விதிகளை அட்மினில் எழுதாமல் மாடலில் 'வெளியிடு', 'திருப்பி அனுப்பு' போன்ற மெத்தடுகளாக எழுதுங்கள்; தற்போதைய நிலை பொருந்தாவிட்டால் அவை பிழை எழுப்பட்டும். நாளை ஏபிஐ (பிற நிரல்கள் தொடர்புகொள்ளும் இடைமுகம்) வழியாகவோ கட்டளை வரி வழியாகவோ அதே மாற்றம் நடக்கும்போதும் அதே விதி காவலிருக்கும். திருத்தும் உரிமை உள்ளவர் எல்லோருக்கும் வெளியிடும் உரிமை இருக்கத் தேவையில்லை என்பதால், மாடலின் அமைப்புகளை எழுதும் உள்வகுப்பான மெட்டாவில் தனி பெர்மிஷன் (உரிமை) ஒன்றை அறிவிப்பது நல்லது.

பொத்தானுக்கு, திருத்தும் பக்கத்தின் வார்ப்புருவான சேஞ்ச்_ஃபார்ம்_டெம்ப்ளேட்டை மாற்றி, சப்மிட்_பட்டன்ஸ்_பாட்டம் என்ற பிளாக்கில் பெயருள்ள சப்மிட் பொத்தானை வையுங்கள். பிறகு ரெஸ்பான்ஸ்_சேஞ்ச் மெத்தடில் அந்தப் பெயர் போஸ்ட் தரவில் (படிவம் அனுப்பிய தரவில்) இருக்கிறதா என்று பார்த்து மாடல் மெத்தடை அழையுங்கள். நிலையை மாற்றும் வேலையை வெறும் இணைப்பாக, அதாவது பக்கத்தைப் படிப்பதற்கான கெட் கோரிக்கையாக வைக்கவே கூடாது. ரெஸ்பான்ஸ்_சேஞ்ச் அழைக்கப்படும் முன்பே படிவம் சேமிக்கப்பட்டுவிடும். எனவே நிலைமாற்றம் மறுக்கப்பட்டாலும், பிழையை நீங்கள் பிடித்துச் செய்தியாகக் காட்டும்போது, எழுத்துத் திருத்தங்கள் அப்படியே நிலைத்திருக்கும். எனக்கு இது சரியென்றே படுகிறது.

பொத்தானை மறைப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. ஒருவர் காலையில் திறந்து வைத்த பக்கத்தில் பழைய பொத்தான் மாலை வரை இருக்கும். அதற்குள் வேறொருவர் நிலையை மாற்றியிருக்கலாம். ஆகவே, உரிமையையும் நிலையையும் சர்வரில் மறுபடி சரிபார்க்க வேண்டும். அதையும் செலக்ட்_ஃபார்_அப்டேட் மூலம் தரவுத்தளத்தில் அந்தக் கட்டுரையின் வரிசையைப் பூட்டிப் படித்த பிறகே செய்ய வேண்டும். (எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் இந்தப் பூட்டுக்கு விளைவு இல்லை, போஸ்ட்கிரஸில் உண்டு.)

பட்டியல் பக்கத்தில் பலவற்றை ஒன்றாக வெளியிடும் ஆக்ஷன் எழுதும்போது, குவரிசெட்டின் (தேர்ந்தெடுத்த பதிவுகளின் தொகுப்பின்) அப்டேட்டைப் பயன்படுத்தாதீர்கள்; அது மாடலின் சேவ் மெத்தடையோ உங்கள் விதிகளையோ தொடாமல் நேரே தரவுத்தளத்தில் எழுதிவிடும். ஒவ்வொன்றாக அழைத்து, மறுக்கப்பட்டவற்றைச் செய்தியில் சொல்லுங்கள்.

நிலைகள் ஐந்தாறுக்கு மேல் போனால் ஜாங்கோ-எஃப்எஸ்எம் போன்ற நூலகம் உதவும். அதில் மெத்தடுக்கு மேலே எழுதும் டிரான்சிஷன் டெகரேட்டர் என்ற குறிப்பிலேயே தொடக்க நிலை, இலக்கு, நிபந்தனை, உரிமை ஆகியவற்றை எழுதிவிடலாம். ஆனால் அது நிலையை நினைவகத்தில் மட்டுமே மாற்றும். சேவ் அழைப்பது உங்கள் பொறுப்பு.

பலர் தவறவிடுவது வரலாற்றுப் பதிவு. அட்மின் தன் மாற்றக் குறிப்பை ரெஸ்பான்ஸ்_சேஞ்சுக்கு முன்பே எழுதிவிடுவதால், யார் எப்போது வெளியிட்டார் என்பது அதில் இருக்காது. நிலைமாற்றம் வெற்றி பெற்றவுடன், வரலாற்றில் குறிப்பு எழுதும் லாக்_சேஞ்சை நீங்களே அழைத்து, பழைய நிலையையும் புதிய நிலையையும் அதில் எழுதிவையுங்கள்.