துண்டும் தொப்பியும்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். கலை வரலாற்றை முறையாகப் படிக்க ஆசை. கல்லூரிக்குப் போக வழியில்லை. இணையத்தில் தேடினால் பனோஃப்ஸ்கி, வோல்ஃப்லின் என்று ஐரோப்பியக் கலை வரலாற்றாசிரியர்களின் பெயர்களாக வருகின்றன. எடுத்துக்காட்டுகள் எல்லாம் இத்தாலியத் தேவாலயங்கள். உலகக் கலை முழுவதற்கும் பொதுவான ஆய்வுமுறை உண்டா? அதைப் படித்துவிட்டுத்தான் நம் கோயில்களைப் பார்க்க வேண்டுமா?

ம., குடியாத்தம்

அன்புள்ள ம.,

பார்த்துக்கொண்டே படியுங்கள். பொதுவான முறை என்று ஒன்று இல்லை. ஒவ்வொருவரும் தனக்குப் பழக்கமான படைப்புகளைப் பார்த்துச் செய்துகொண்ட கருவிகள்தாம் அவை. உங்களுக்கு வேலூர்க் கோட்டை இருக்கிறது, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

பனோஃப்ஸ்கியைக் கண்டு பயப்பட வேண்டாம். 1939-ல் அவர் தொடங்குவது தேவாலயத்தில் இல்லை, தெருவில். தெரிந்தவர் ஒருவர் எதிரே வந்து தொப்பியைத் தூக்குகிறார். கண்ணுக்குத் தெரிவது ஓர் அசைவு. அது வணக்கம் என்பது அந்த ஊர் வழக்கம் தெரிந்தவருக்குத்தான் புரியும். இடைக்கால வீரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றி ‘சண்டைக்கு வரவில்லை’ என்று காட்டியதன் மிச்சம் அந்த வழக்கம் என்கிறார். அதற்கும் பின்னால் போனால், தொப்பியைத் தூக்கியவரின் காலமும் சமூகப் பின்னணியும் வளர்ப்பும் அந்த அசைவில் தெரியும்.

நம்மிடம் தொப்பி இல்லை, துண்டு உண்டு. பெரிய வீட்டு வாசலில் என் தாத்தா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். துணி இடம் மாறியது, அவ்வளவுதான். அது மரியாதை என்று ஊருக்குத் தெரியும். யார் முன்னால் யார் கட்ட வேண்டியிருந்தது என்று கேட்டால் நிலமும் சாதியும் வெளியே வந்துவிடும். கண்ணில் படும் அசைவு, ஊர் வழக்கம், அதற்குப் பின்னால் உள்ள ஆழமான பொருள் என்று பனோஃப்ஸ்கி சொல்லும் மூன்று படிகளும் இதில் இருக்கின்றன.

வோல்ஃப்லினிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது, இரண்டு படங்களை அருகருகே வைத்து ஒப்பிடும் பழக்கம். அதை இங்கே செய்து காட்டியவர் ழுவோ-துப்ரேய். பாண்டிச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர். 1914-ல் அச்சான ஆய்வில், கல்வெட்டு இல்லாத இடத்திலும் உறுப்புகளின் வடிவத்தை வைத்துக் காலம் சொல்ல முடியும் என்று காட்டினார். அவற்றில் முக்கியமானது போதிகை: தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கல். பல்லவர் காலத்தில் அடிப்பக்கம் வளைந்திருக்கும். சோழர் காலத்தில் சாய்வாக வெட்டி, நடுவில் சிறு துருத்தல் விட்டார்கள். விஜயநகர காலத்துக்கு வந்தால் வாழைப்பூ மாதிரி மொட்டுத் தொங்கும். பழைய வட ஆற்காட்டுக்குள்ளேயே மூன்று காலத்துக் கோயில்களும் கிடைக்கும்: மகேந்திரவாடிக் குடைவரை, ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக மேல்பாடியில் எடுத்த கோயில், அப்புறம் கோட்டைக்குள் 16-ஆம் நூற்றாண்டு ஜலகண்டேசுவரர் கோயில். எந்த இத்தாலிய உதாரணமும் உங்களுக்கு இவ்வளவு பக்கத்தில் இல்லை.

ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிரும் சிற்பம் ஒன்று உண்டு. கடைசியாகப் போனபோது ஒரு பாட்டி பேரனுக்கு உள்ளங்கையால் ஒரு பாதியை மறைத்து ‘இப்ப யானை’ என்றார், கையை மாற்றி ‘இப்ப மாடு’ என்றார். இதற்குப் பனோஃப்ஸ்கியின் மூன்றாம் படியில் ஏறி ஆழமான பொருள் தேடினால் சிற்பி சிரிப்பார் என்று தோன்றுகிறது.

அந்தச் சிற்பியின் பெயரும் நமக்குத் தெரியாது. 1550-ல் இத்தாலிய ஓவியர் வசாரி கலைஞர்களின் வாழ்க்கைகளை எழுதியதிலிருந்து ஐரோப்பியக் கலை வரலாறு பெரும்பாலும் பெயர்களைப் பிடித்துக்கொண்டே நடந்தது. இங்கே பெயரை விட்டுவிட்டு, யார் செலவு செய்தார்கள், யாருக்காகச் செதுக்கினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கும். இன்னொன்று: நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்த அந்தக் கோயிலில் 1981-ல் லிங்கத்தை மீண்டும் வைத்தார்கள். அதுவரை பார்க்கும் பொருளாக இருந்த இடத்துக்குக் கற்பூரமும் கூட்டமும் வந்துவிட்டன. தூண்கள் அதே தூண்கள்தாம். அருங்காட்சியகத்தை மனதில் வைத்து எழுதிய கோட்பாடு இந்த இடத்தில் திணறும். எங்கே திணறுகிறது என்று குறித்துவையுங்கள், அதுவும் படிப்புதான்.

சரி, அடுத்த ஞாயிறு காலையிலேயே போய்விடுங்கள். ஒரே ஒரு போதிகையை பென்சிலில் வரைந்து அனுப்புங்கள். போட்டோ வேண்டாம்.