ஃபிளிக் அடிக்கும் பையன் இல்லாவிட்டால் கோல் விழாதா?

கேள்வி: எங்கள் இடைநிலைப்பள்ளி ஹாக்கி அணியில் பெனால்டி கார்னரில் (எதிரணி தன் கோல் அருகே தவறு செய்தால் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு) டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையால் இழுத்து வீசுவது) அடிக்க ஒரே ஒரு பையன்தான். அவனுக்கு இடது கணுக்கால் சுளுக்கு. மாவட்டப் போட்டி நெருங்குகிறது. அவன் இல்லாமல் கோல் விழாது என்று பயிற்றுநரே சோர்ந்துவிட்டார். ஒருவர் அவ்வளவு முக்கியமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முக்கியம்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 2-1 என வென்று இந்தியா வெண்கலம் வாங்கியபோது, இரண்டு கோலையும் பெனால்டி கார்னரில் போட்டவர் ஹர்மன்பிரீத் சிங். ஆனால் அவர் மட்டையை வீசுவதற்கு முன் இரண்டு பேர் பந்தைத் தொட்டாக வேண்டும்: பின்கோட்டிலிருந்து தள்ளிவிடுபவர், அதை நிறுத்துபவர். உங்கள் பயிற்றுநர் கவலைப்பட வேண்டியது அந்த இருவரைப் பற்றி.

பந்து கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் வைக்கப்படுகிறது. அங்கிருந்து, கோலுக்கு முன்னால் வளைவாகக் கோடிட்ட வட்டத்தின் உச்சிக்கு ஏறக்குறைய 19 மீட்டர். எதிரணியில் முதலில் பாய்ந்து வருபவருக்கோ கோல் கோட்டிலிருந்து சுமார் 15 மீட்டர்தான். தள்ளிவிட்ட பந்து அரை விநாடி தாமதமாக வந்தால் அவர் இன்னும் மூன்று மீட்டர் நெருங்கிவிடுவார். பிறகு எவ்வளவு நல்ல ஃபிளிக்கும் அவர் மட்டையில்தான் போய்ப் படும்.

அடுத்து, நிறுத்துபவர். தோட்டத்துப் புல் திடலில் பந்து துள்ளித்தான் வரும். மட்டையை நிமிர்த்திப் பிடித்தால் பந்து மேலே எகிறிவிடும். நன்றாகக் குனிந்து, இடது கை முட்டி புல்லை உரச, மட்டையைப் படுக்கவைத்து நிறுத்த வேண்டும். பந்து ஒரு சாண் உருண்டாலும் அடிப்பவரின் காலடிக் கணக்கு கெட்டுவிடும். பந்து வட்டத்துக்கு வெளியே போய் வந்தால்தான் கோல் செல்லும் என்பதால், நிற்கும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துப் பழகுங்கள்.

ஃபிளிக் இல்லையென்றால் ஓங்கி அடிக்கலாம். முதல் அடி கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது, அதாவது கோலின் அடியில் உள்ள பலகை மட்டத்துக்குள். ஃபிளிக்குக்கு இந்த வரம்பு இல்லை. அவனுடைய உண்மையான மதிப்பு அங்கேதான். ஆகவே கோல் காவலரின் வலது காலுக்கு வெளியே தாழ்வாக அடித்து, திரும்பி வரும் பந்துக்கு இருவரை ஓடவிடுங்கள். முதல் அடி முடிந்துவிட்டால் உயர வரம்பு கிடையாது, ஆபத்தாக இல்லாதவரை.

சுளுக்கோடு அவனை இறக்கவே கூடாது. டிராக் ஃபிளிக்கில் உடல் பாரம் முழுவதும் இறங்கித் திரும்புவது அந்த இடது காலில்தான். குணமாகி வந்த பிறகும் எல்லாக் கார்னரையும் அவனிடம் கொடுக்காதீர்கள். பாய்ந்து வருபவர் அவனைக் குறிவைத்துத்தான் ஓடுவார். அந்த நேரத்தில் பந்தைப் பக்கத்தில் நிற்பவருக்குத் தட்டிவிட்டால் அவருக்கு வழி திறந்திருக்கும்.

இந்த வாரம் தள்ளுவதையும் நிறுத்துவதையும் மட்டும் பழகட்டும். இருபதில் பதினைந்து பந்து அசையாமல் நிற்கும்வரை யாரும் கோலை நோக்கி அடிக்க வேண்டாம்.