ஃபங்ஷன் பெயர்கள் ஒன்றாக இருந்தால் பதிப்புரிமை மீறலா?

கேள்வி: ஓர் அமெரிக்க நிறுவனத்தின் லைப்ரரிக்கு (மற்ற நிரல்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் தயார் கோட் தொகுப்பு) மாற்றாக நாங்கள் ஒன்று எழுதினோம். வாடிக்கையாளர்கள் தங்கள் கோடைத் திருத்தாமலே மாறிக்கொள்ளட்டும் என்று ஃபங்ஷன் பெயர்களை அப்படியே வைத்தோம். உள்ளே இருப்பதெல்லாம் எங்கள் கோட். இப்போது பதிப்புரிமை மீறல் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆரக்கிள் வழக்கில் கூகுள் ஜெயித்துவிட்டதே, பயமில்லை என்கிறார் என் பங்குதாரர். சரியா?

பதில்: உங்கள் பங்குதாரர் சொல்வது பாதிதான் சரி. ஆரக்கிளின் ஜாவா என்ற புரோகிராமிங் தளத்திலிருந்து சில வரிகளை கூகுள் தன் ஆண்ட்ராய்டில் எடுத்துக்கொண்டது பற்றியதுதான் அந்த வழக்கு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் 6-2 என்று கூகுளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் ஏபிஐக்கு, அதாவது ஒரு லைப்ரரியைக் கூப்பிடும் பெயர்கள், முறைகளின் தொகுப்புக்கு, பதிப்புரிமை உண்டா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், கூகுள் செய்தது நியாயமான பயன்பாடு (அனுமதி இல்லாமலே சட்டம் ஏற்கும் பயன்பாடு) என்றது, அவ்வளவுதான். உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் சொன்னது ரத்தாகவில்லை.

ஜாவாவில் 'மேக்ஸ்' என்று கூப்பிட்டால் இரண்டு எண்களில் பெரியது வரும். அந்தப் பெயரும் கூப்பிடும் முறையும் அறிவிப்பு வரி. கணக்கைப் போடுவது வேறு கோட். கூகுள் எடுத்தது அறிவிப்பு வரிகளை, சுமார் 11,500. ஜாவா ஏபிஐயின் மொத்தம் 28.6 லட்சம் வரிகளில் அது 0.4 சதவீதம். புரோகிராமர்கள் பழகிய முறையை ஸ்மார்ட்ஃபோன் என்ற புதுத் தளத்துக்குக் கொண்டுபோனார்கள் என்பது அவர்களுக்குப் பெரிய பலம்.

உங்களுக்கு இடிக்கும் இடமும் அதுதான். நீங்கள் அதே சந்தையில், அதே வாடிக்கையாளரிடம் போட்டியிடுகிறீர்கள். 'எங்கள் வியாபாரத்தையே பறிக்கிறார்கள்' என்று எதிர்த்தரப்பு சொன்னால் எடுபடும். நியாயமான பயன்பாடு என்று நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். வழக்கு ஐரோப்பாவில் வந்தால் கொஞ்சம் மூச்சுவிடலாம். நிரலின் செயல்பாட்டுக்குப் பதிப்புரிமை இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இலேயே எஸ்ஏஎஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழக்கில் சொல்லிவிட்டது.

'எங்கள் கோட்' என்கிறீர்களே, அதை ஒருமுறை சரிபாருங்கள். அதே கூகுள் வழக்கில், 'ரேஞ்ச்செக்' என்ற ஒன்பது வரி ஃபங்ஷன் அப்படியே நகலானதை 2012-இல் ஜூரி மீறல் என்றே சொன்னது. கமென்ட், டாக்குமென்டேஷன் வாசகங்களையும் பாருங்கள். அவசரத்தில் ஒட்டப்படுவது பெரும்பாலும் அவைதான். அப்புறம், அந்த லைப்ரரியின் லைசென்ஸில் ரிவர்ஸ் எஞ்சினியரிங் (பிரித்து ஆராய்ந்து உள்ளமைப்பைக் கண்டுபிடிப்பது) கூடாது என்று இருந்து, நீங்கள் சம்மதித்திருந்தால், அது தனி ஒப்பந்தப் பிரச்சினை.

எந்தெந்த வரிகள் என்று குறிப்பிட்டுச் சொல்லும்படி வக்கீல் மூலம் பதில் கேளுங்கள். அதுவரை கிட் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வரலாற்றில் எதையும் அழிக்காதீர்கள். நீங்களே எழுதியதற்கு அதுதான் சாட்சி. நோட்டீஸ் வந்தபின் அழித்தால் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.