அவர் ஏன் எழுந்து போனார்?

கேள்வி: வெளிநாட்டில் வேலை செய்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஐந்தாறு நாட்டுக்காரர்கள் இருக்கிறோம். ஒருநாள் பேச்சு விண்வெளி ஆராய்ச்சிப் பக்கம் போனது. என் நாட்டின் சாதனைகளை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், பக்கத்தில் இருந்தவரிடம், "உங்கள் நாட்டால் இன்னும் ஐம்பது வருடம் ஆனாலும் இது முடியாது" என்றேன். அவர் லேசாகச் சிரித்துவிட்டு எழுந்து போனார். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. நாட்டை நினைத்துப் பெருமைப்படுவது தவறா?

பதில்: தவறே இல்லை. சாதனைகளை நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தவரை அவரும் ஆர்வமாகத்தான் கேட்டிருப்பார். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் திரும்பப் படித்துப் பாருங்கள். அதில் உங்கள் நாடு இல்லவே இல்லை. அவருடைய நாடுதான் இருக்கிறது, அதுவும் தாழ்ந்துபோய். பெருமைக்கும் ஆணவத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. பெருமைக்குத் தன் நாடு ஒன்றே போதும். ஆணவத்துக்கு மட்டம் தட்ட இன்னொரு நாடு வேண்டும்.

எதிராளியை மதித்துக்கொண்டே பெருமையாக நிற்க முடியுமா என்றால், முடியும். 1958-ல், அமெரிக்காவும் சோவியத் நாடும் எதிரெதிராக நின்ற பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம். பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிப்போம் என்று உலக சுகாதாரப் பேரவையில் முன்மொழிந்தவர் விக்டர் ஜ்தானோவ் என்ற சோவியத் அதிகாரி. கூட்டம் நடந்தது அமெரிக்காவில். அங்கே அவர் எடுத்துக்காட்டியது, அம்மைத் தடுப்பூசி தந்த எட்வர்ட் ஜென்னருக்கு அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் எழுதிய கடிதத்தை! பிறகு சோவியத் நாடு ஏராளமான தடுப்பூசிகளைக் கொடுத்தது. ஒழிப்புத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் டொனால்ட் ஹெண்டர்சன் என்ற அமெரிக்கர். 1980-ல் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று உலகம் அறிவித்தது. இரண்டு நாட்டு மக்களுமே இன்றைக்கும் மார்தட்டிக்கொள்ளலாம். ஒன்றின் பெருமையால் மற்றதற்கு எதுவும் குறைந்துவிடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நாட்டை நினைத்துப் பெருமைப்படுகிறவருக்கு அதை நினைத்து வெட்கப்படவும் தெரியும். 1970 டிசம்பர் 7 அன்று மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட், போலந்துத் தலைநகர் வார்சாவில், ஹிட்லரின் நாஜிகள் கொன்ற யூதர்களின் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் மண்டியிட்டார். அவர் நாஜிகளை எதிர்த்து நாட்டைவிட்டுத் தப்பியவர். அவர்கள் அவருடைய குடியுரிமையைக்கூடப் பறித்திருந்தார்கள். போருக்குப் பிறகு அதைக் கேட்டு வாங்கி மறுபடியும் ஜெர்மானியர் ஆனார். தான் செய்யாத குற்றத்துக்காக, தன் நாட்டின் சார்பில் மண்டியிட்டார். நாட்டின் மானத்தைக் குறைத்துவிட்டார் என்று கோபப்பட்ட ஜெர்மானியர்கள் அப்போது நிறையப் பேர். எனக்கு அதைவிட ஆழமான நாட்டுப்பற்று எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அதனால் உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் நாட்டின் குறை ஒன்றை வெளியாள் ஒருவர் சொன்னால், மனதில் முதலில் என்ன வருகிறது? "உங்கள் நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?" என்றுதான் எனக்கும் நாக்கு நுனிவரை வரும். வருவது இயல்புதான். அதை விழுங்கிவிட்டு, அவர் சொன்னது உண்மையா என்று பார்க்க முடிகிறதா என்பதுதான் விஷயம்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? நாளைக்கே அவரிடம் போங்கள். "விளையாட்டாகச் சொன்னேன்" என்று மழுப்ப வேண்டாம். "அன்றைக்கு உங்கள் நாட்டைப் பற்றி நான் சொன்னது தவறு, மன்னித்துவிடுங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். உடனே பழையபடி ஆகிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள், சில நாள் ஆகட்டும். அப்புறம் ஒருநாள், அவர் நாட்டில் எதை நினைத்து அவருக்குப் பெருமை என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை, "எங்கள் நாட்டிலும்..." என்று நடுவில் ஆரம்பித்துவிடாதீர்கள்.