உடையும் இருபது

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் அணுக்கரு இயற்பியல் நடத்துகிறேன். 2, 8, 20, 28, 50, 82, 126 என்று, கருவுக்குக் கூடுதல் உறுதி தரும் மாய எண்களைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: ஆக்சிஜன்-28இல் புரோட்டான் 8, நியூட்ரான் 20, இரண்டுமே மாய எண்கள், பிறகு ஏன் அது நிற்கவில்லை? புரோட்டான்களும் நியூட்ரான்களும் அடுக்கடுக்கான ஆற்றல் மட்டங்களில் நிரம்புகின்றன என்னும் கூடு மாதிரியே தவறா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாதிரி தவறில்லை. அந்த ஏழு எண்களையும் வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைக்கிறோமே, அதில்தான் கோளாறு. மாய எண் என்பது இரண்டு ஆற்றல் மட்டங்களுக்கு நடுவிலுள்ள பெரிய இடைவெளி. மட்டம் நகர்ந்தால் இடைவெளியும் மாறும். கூடு மாதிரியை வகுத்த மேயரும் யென்சனும் 1949இல் கணக்குப் போட்டபோது கையில் இருந்தவை நிலையான கருக்களும் அவற்றின் அக்கம்பக்கமும்தான்.

கரும்பலகையில் இதை எழுதுங்கள். நியூட்ரான் 20 உள்ள கருக்களின் முதல் 2+ கிளர்வு நிலை (மிகக் குறைந்த ஆற்றலுள்ள தரைநிலைக்கு மேலே, சுழற்சி 2 உள்ள நிலை; இடைவெளி பெரிதானால் பொதுவாக இதுவும் உயரும்), கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில்: கால்சியம்-40க்கு 3904, கந்தகம்-36க்கு 3291, சிலிக்கான்-34க்கு 3327, மெக்னீசியம்-32க்கு 885, நியான்-30க்கு 792. (ஆர்கான்-38 எங்கே என்று யாராவது கேட்பார்கள். அது 2167. அங்கே புரோட்டான் கூடு நிரம்பாததால் வந்த குறைவு. நியூட்ரான் இடைவெளி அப்படியே இருக்கிறது.)

சிலிக்கானிலிருந்து மெக்னீசியத்துக்கு இரண்டே புரோட்டான்தான் குறைவு. அதற்கு ஏன் இந்தச் சரிவு? சிலிக்கானில் டி 5/2 என்னும் ஆற்றல் மட்டத்தில் ஆறு புரோட்டான்கள். சுழற்சியின் திசையைப் பொறுத்து மாறும் டென்சார் விசையால் இவை டி 3/2 நியூட்ரான்களை இழுத்துக் கீழே வைத்திருக்கின்றன. மெக்னீசியத்தில் நான்கு, நியானில் இரண்டு, ஆக்சிஜனில் ஒன்றுமில்லை. பிடி தளரத் தளர டி 3/2 மேலே ஏறி, 20இன் இடைவெளிக்கு மேலுள்ள எஃப் 7/2ஐ நெருங்குகிறது. 20இன் இடைவெளி சுருங்கி, டி 3/2க்குக் கீழே 16இல் புதிய இடைவெளி திறக்கிறது. ஆக்சிஜன்-24 (புரோட்டான் 8, நியூட்ரான் 16) இரட்டை மாயக்கரு போல நடந்துகொள்வதும் அதனால்தான். அதன் முதல் கிளர்வு நிலை ஏறத்தாழ 4.7 மெகா எலக்ட்ரான் வோல்ட்.

இங்கே மாணவர்கள் வழுக்குவார்கள். மெக்னீசியம்-32இல் இடைவெளி பூஜ்யமாகிவிடவில்லை. இரண்டு நியூட்ரான்கள் மேலே தாவ ஆற்றல் செலவாகிறது. தாவியபின் கரு நீள்வடிவமாகி, புரோட்டான்களோடு சேர்ந்து பெறும் பிணைப்பு அந்தச் செலவை மிஞ்சுகிறது. அதனால் தாவிய அமைப்பே தரைநிலை ஆகிவிடுகிறது. 1975இலேயே ஐரோப்பிய ஆய்வு மையமான செர்னில் சோடியம்-31, 32இன் நிறைகளை அளந்தபோது எதிர்பார்த்ததைவிட இறுக்கமான பிணைப்பு தெரிந்தது. இந்தப் பகுதிக்குத் ‘தலைகீழ்த் தீவு’ என்ற பெயர் 1990இல்தான் வந்தது.

இனி உங்கள் மாணவியின் கேள்வி. 2023இல் வெளியான ஆய்வில், ஜப்பானின் ரிக்கென் ஆய்வு மையத்தில் ஒரு குழு ஃபுளூரின்-29 கற்றையைத் திரவ ஹைட்ரஜன் மீது பாய்ச்சி, ஒரு புரோட்டானைத் தட்டி ஆக்சிஜன்-28ஐ உண்டாக்கியது. உண்டான கணமே அது ஆக்சிஜன்-24 ஆகவும் நான்கு நியூட்ரான்களாகவும் சிதறியது. அந்த நான்கையும் ஒருசேரப் பிடிப்பதுதான் பெரும்பாடு: ஒரே நியூட்ரான் ஒரு கருவியில் மோதித் தெறித்து அடுத்ததிலும் பதிவானால் இரண்டாகக் கணக்கில் ஏறிவிடும். தட்டும் நிகழ்தகவைக் கணக்கீட்டோடு ஒப்பிட்டதில், அங்கே 20 மூடிய கூடாக இல்லை என்று தெரிந்தது.

எல்லா மாய எண்ணும் இப்படி உடைவதில்லை. நிக்கல்-78இல் நியூட்ரான் எண் 50 உறுதியாக நிற்கிறது. 2+ நிலை 2600. ஆனால் 2+ஐ மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள். நியூட்ரான் 40 உள்ள நிக்கல்-68க்கும் அது 2033. மாய எண் போலத்தான் தோன்றும். இரண்டு நியூட்ரான்களைப் பிரிக்கத் தேவையான ஆற்றலை வரைபடமாகப் போட்டால், 40ஐத் தாண்டும்போது, மாய எண்ணுக்குரிய பெரிய வீழ்ச்சி எதுவும் இருக்காது.