சில வைஃபை டாங்கிள்கள் மட்டும் லினக்ஸில் ஏன் செருகியதும் வேலை செய்வதில்லை?

ஒரு டாங்கிள் உடனே ஓடுகிறது, இன்னொன்று சும்மா கிடக்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். டாங்கிளைச் செருகியதும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் படித்து, 'மோட்அலையாஸ்' என்ற அடையாள வரியை உருவாக்கி, சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் நிரலான யுடெவ்விடம் கொடுக்கும். அந்த வரி 'மாட்யூல்ஸ்.அலையாஸ்' கோப்பில் உள்ள எந்த டிரைவரோடு (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) பொருந்துகிறதோ அதுதான் ஏறும். பொருந்தும் வரி இல்லையென்றால் எதுவும் ஏறாது, பிழைச் செய்தியும் வராது. புது டாங்கிள் பழைய கெர்னலில் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

டெர்மினலில் 'எல்எஸ்யுஎஸ்பி -டி' (lsusb -t) என்று கொடுத்துப் பாருங்கள். டிரைவர் என்ற இடம் காலியாக இருந்தால் டிரைவர் ஏறவில்லை. அங்கே 'யுஎஸ்பி-ஸ்டோரேஜ்' என்று இருந்தால் விஷயமே வேறு. ரியல்டெக் சிப் உள்ள சில டாங்கிள்கள், விண்டோஸ் டிரைவரை உள்ளே வைத்துக்கொண்டு முதலில் தங்களை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும். 'யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' (usb-modeswitch) தொகுப்பை நிறுவினால், அதற்குத் தெரிந்த சாதனங்களை வைஃபை நிலைக்கு மாற்றிவிடும். வாங்குபவரை இப்படி அலைக்கழிப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

சரி, டிரைவர் பெயர் ஒழுங்காகத் தெரிந்தும் வைஃபை வரவில்லையா? கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டைப் படியுங்கள். ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்ற முடியவில்லை, பிழை -2 என்று இருந்தால் டிரைவர் வந்துவிட்டது, அது கேட்கும் கோப்புதான் இல்லை. உங்கள் டிஸ்ட்ரோவின் (நீங்கள் பயன்படுத்தும் லினக்ஸ் வகை) ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் டிரைவரின் மூல நிரலைக் கம்பைல் செய்வதைக் கடைசி வழியாகவே வையுங்கள். அதைத் தானாகவே மறுபடி கம்பைல் செய்துகொடுக்கும் டிகேஎம்எஸ் (DKMS) ஏற்பாடு இல்லையென்றால், கெர்னல் மாறும்போதெல்லாம் நீங்களே மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருக்கும்.