பாடியவருக்கு வேண்டாத கேசட்

அன்புள்ள அண்ணா,

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம், மாமா உங்கள் தளத்தைப் படிப்பவர்.

என் தாய்மாமா 1990களின் தொடக்கத்தில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்காக ஒரு கேசட் பாடினார். கோயம்புத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் ஒரே நாளில் எடுத்தது, எட்டுப் பாட்டு. இன்றைக்கும் சுற்றுவட்டாரத்தில் பூச்சாட்டு அன்று அதுதான் ஓடும். பொள்ளாச்சி போகிற ஒரு பஸ்ஸில் வெகுகாலம் ஓடியது. ஆனால் மாமா இருக்கிற இடத்தில் போட முடியாது, எழுந்து போய்விடுவார். அதற்கப்புறம் முறையாகச் சங்கீதம் கற்று இப்போது கச்சேரி செய்கிறார். அந்தக் கேசட்டில் சுருதி நிற்கவில்லை, உச்சரிப்பில் பாதி மலையாளம், அது நானே இல்லை என்கிறார். யூடியூபில் ஏற்றட்டுமா என்று கேட்டதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு பாட்டை இணைத்திருக்கிறேன், உங்களுக்கு மட்டும்.

இன்னொன்று. பாலக்காட்டில் இஞ்சினியரிங் படித்தபோது விடுதியில் ஒரு நண்பன் வீசர் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘பிங்கர்டன்’ ஆல்பத்தைக் கொடுத்தான். நான் மோசமாக இருந்த ஒரு வருஷத்தை அதை வைத்துத்தான் கடந்தேன். அதைப் பாடியவரே ஒரு காலத்தில் அதை அசிங்கம் என்று சொன்னதாகப் படித்தேன். செய்தவரே வேண்டாம் என்று சொன்னதை நாம் பிடித்து வைத்துக்கொண்டிருப்பது அவரை அவமதிப்பது ஆகாதா? கேட்பவனுக்கு அதில் என்ன உரிமை?

அன்புள்ள தம்பி,

ஆகாது. கேட்பதற்கும் நேசிப்பதற்கும் பாடியவரின் சம்மதம் தேவையில்லை. யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் படித்தது சரிதான். பிங்கர்டன் 1996இல் வந்தது. அதற்கு முந்தைய ஆல்பம் பெரிய வெற்றி, அந்த வெற்றிக்கு நடுவில் குழுவின் பாடகர் ரிவர்ஸ் குவோமோ ஹார்வர்டில் மாணவராகப் போய்ச் சேர்ந்தார், கால் நீளத்தைக் கூட்டும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வலியோடு தனியாகக் கிடந்தார். அந்தத் தனிமையில் யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் பாட்டாக எழுதினார். வெளியானதும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை, ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் வாசகர்கள் அந்த வருஷத்தின் மோசமான ஆல்பங்களில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு மனிதர் தன் டைரியைத் திறந்து காட்ட, பார்த்தவர்கள் முகம் சுளித்தால் அவர் என்ன செய்வார்? 2001இல் ஒரு பேட்டியில் அவரே அதைத் தள்ளிவிட்டார். அதற்குள் உங்களைப் போல எத்தனையோ பையன்கள் விடுதி அறைகளில் அதைக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார்கள். 2010இல் அதே மனிதர் மேடையில் அந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் வாசித்தார், கூட்டமும் கூடவே பாடியது. அவரை அதனிடம் திரும்பக் கொண்டுவந்தது ரசிகர்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2001இல் எல்லாரும் அவர் பேச்சைக் கேட்டு அதைத் தூக்கிப் போட்டிருந்தால் அவருக்குத் திரும்பிப் போக ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஆனால் உங்கள் மாமாவை நினைக்கும்போது எனக்குக் குவோமோவைவிட கீத் ஜாரெட்தான் நினைவுக்கு வருகிறார். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர். 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கொலோன் நகர ஆபரா அரங்கு. சுவிட்சர்லாந்திலிருந்து காரில் வந்து இறங்குகிறார், சரியான தூக்கமில்லை, முதுகு வலி. அவர் கேட்டிருந்தது ஒரு பெரிய போசென்டார்ஃபர் பியானோ, மேடையில் இருந்ததோ ஒத்திகைக்கு வைத்திருந்த சின்ன பியானோ. மேல் ஸ்தாயி தகரம் மாதிரி கேட்கிறது, கீழ் ஸ்தாயியில் கனமில்லை, பெடல் சரியாக வேலை செய்யவில்லை. வாசிக்க முடியாது என்று கிளம்பிவிட்டார். கச்சேரியை ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டெஸ், 18 வயதுப் பெண். அவர் போய் மன்றாடித்தான் ஜாரெட் திரும்பி வந்தார். இரவு பதினொன்றரைக்கு மேடை ஏறி, எழுதி வைத்தது எதுவும் இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மனோதர்மமாக வாசித்தார். மேலேயும் கீழேயும் போக முடியாததால் நடுக்கட்டைகளிலேயே நின்றார், இடது கை ஒரே சுற்றைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சுற்றுக்குள்தான் கேட்கிறவன் மாட்டிக்கொள்கிறான். அந்தக் கச்சேரியின் பதிவு ஆல்பமாக வந்தது, தனிப் பியானோ இசையில் உலகத்திலேயே அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்று அது, லட்சக்கணக்கில் விற்றது. ஜாரெட்டோ பிற்காலத்தில் அதைப் பற்றிச் சலிப்போடுதான் பேசினார். அதைச் சுரப்படுத்தி அச்சிடக்கூட வெகுகாலம் சம்மதிக்கவில்லை, 1990களில்தான் விட்டுக்கொடுத்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைப் போட்டால் அவர் காதில் அந்த ஓட்டை பியானோதான் விழும், விரல் போக நினைத்து போக முடியாத இடங்கள்தான் விழும். அந்த இடங்கள் எங்கே இருக்கின்றன என்று நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நாம் கேட்பது அவர் வாசித்ததை. அவர் கேட்பது வாசிக்க நினைத்து முடியாமல் போனதை. ஒரே ஒலிப்பதிவுதான், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. உங்கள் மாமாவுக்கும் இதுதான் நடக்கிறது. இருபது முப்பது வருஷம் சாதகம் செய்த காதோடு அந்தக் கேசட்டுக்குள் போகிறார், அங்கே அவருக்குச் சுருதி விலகல் மட்டும்தான் காத்திருக்கிறது.

நீங்கள் அனுப்பிய பாட்டை இரண்டு மூன்று முறை கேட்டேன். சுருதி விலகுகிறது, உண்மை, முக்கியமாக இரண்டாவது சரணத்தில் மேலே போகும்போது. ஆனால் அந்த இடத்தில்தான் உடுக்கை அடிப்பவர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி அவரைத் தூக்கிப் பிடிக்கிறார், கவனித்தீர்களா? கோரஸ் பாடும் பெண்கள் அரை மாத்திரை முந்தி வருகிறார்கள். ஸ்டூடியோ பழக்கம் இல்லாதவர்கள், கோயில் வாசலில் எப்படி எடுப்பார்களோ அப்படியே எடுக்கிறார்கள். அப்புறம் அந்த உச்சரிப்பு. வரி முடியும் இடத்தில் குரல் மலையாளம் மாதிரி ஒரு இழுப்பு இழுத்து மேலே நிற்கிறது. சித்தூர் தாலுகா முழுக்க நாம் அப்படித்தானே பேசுகிறோம்? வேலந்தாவளத்திலும் வண்ணாமடையிலும் மீனாட்சிபுரத்திலும் வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், நோம்பிக்குக் கொங்குப் பாட்டு. கோயம்புத்தூர்க்காரர் யாராவது அதைக் கேட்டுச் சிரித்திருப்பார், அந்தச் சிரிப்பு மாமாவின் மனதில் தங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். நம் ஆட்கள் அந்தக் கேசட்டை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணமும் அதே இழுப்புதான். தமிழ்நாட்டிலிருந்து வருகிற அம்மன் பாட்டு கேசட்டுகளில் பாடுகிறவர்கள் நம்மைப் போல் பேசுவதில்லை. ஒரே ஒரு கேசட்டில்தான் மாரியம்மனை நம்ம ஊர்க்காரர் ஒருவர் நம்ம வாயால் கூப்பிடுகிறார். அதைக் குறை என்று சொல்ல நான் சம்மதிக்கவே மாட்டேன்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியம். ஒரு ஆல்பத்தைத் தள்ளி வைக்கிறவர் தன் பங்கை மட்டும் தள்ளி வைக்க முடியாது, கூட இருந்தவர்களின் உழைப்பும் சேர்ந்தே போகிறது.

ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவைப் பாருங்கள். மின்னணு இசையின் முன்னோடிகள். 1970க்கும் 1973க்கும் இடையில் மூன்று ஆல்பம் போட்டார்கள், அந்த மூன்றையும் அவர்கள் சிடியாக வெளியிடவே இல்லை. 2009இல் தங்கள் படைப்புகளைத் தொகுத்து வெளியிட்டபோது கணக்கை 1974இன் ‘ஆட்டோபான்’ ஆல்பத்திலிருந்துதான் தொடங்கினார்கள். அந்த முதல் ஆல்பத்தைத் தேடிக் கேட்டால் தொடக்கத்திலேயே குழுவை நிறுவியவர்களில் ஒருவரான ஃப்ளோரியன் ஷ்னைடரின் புல்லாங்குழல் மூச்சுவாங்க ஓடி வருகிறது. இரண்டாம் பக்கத்தில் டிரம்ஸ் வாசித்தவர் கிளாவுஸ் டிங்கர், பிற்பாடு ‘நோய்!’ என்ற குழுவைத் தொடங்கித் தன் தாளத்துக்காகவே பெயர் வாங்கியவர். ஒலிப்பதிவில் உடனிருந்து செதுக்கியவர் கானி பிளாங்க். டிங்கரோ பிளாங்கோ அதை வேண்டாம் என்று சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ரசிகர்கள் கள்ளப் பிரதிகளை வைத்துக்கொண்டுதான் அவர்களைக் கேட்கிறார்கள்.

இங்கிலாந்து ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டின் ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ ஆல்பத்தின் கதையும் இதே மாதிரி. 1970, அட்டையில் ஒரு பசு மாடு மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கும். இங்கிலாந்தில் அவர்களுக்கு முதலிடம் வாங்கிக்கொடுத்த முதல் ஆல்பம். குழுவின் டேவிட் கில்மோரும் ரோஜர் வாட்டர்ஸும் பின்னாளில் அதைக் குப்பை என்கிற அளவுக்குப் பேசினார்கள். ஆனால் முதல் பக்கம் முழுவதும் ஓடும் அந்தப் பெரிய இசைக்கோவைக்கு பித்தளைக் கருவிகளுக்கும் பாடகர் குழுவுக்கும் உட்கார்ந்து எழுதியவர் குழுவில் இல்லாத ரான் கீசின். அவர் அதை விட்டுக்கொடுக்கவில்லை, பல வருஷம் கழித்து அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 2008இல் லண்டனில் அது மறுபடி மேடையேறியபோது கில்மோரே வந்து வாசித்தார்.

ஆகவே மாமாவிடம் உங்களைப் பற்றியோ உரிமையைப் பற்றியோ பேசாதீர்கள். உடுக்கைக்காரரைப் பற்றிப் பேசுங்கள். அந்தக் கோரஸ் பெண்களில் எத்தனை பேர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்? அவர்கள் வாழ்க்கையில் பாடிப் பதிவான ஒரே பாட்டு அதுவாக இருக்கலாம். மாமாவுக்கு அதற்கப்புறம் கச்சேரிகள் கிடைத்தன, அந்த அக்காக்களுக்கு அந்தக் கேசட் மட்டும்தான்.

இப்போது யூடியூப். மாமா சரி என்று சொல்லாமல் ஏற்றாதீர்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊர் கேட்பது வேறு, பாடியவர் உயிரோடு இருக்கும்போது அவர் வேண்டாம் என்றதை அவர் பெயர் போட்டு உலகத்துக்கு வைப்பது வேறு. முதலாவதில் யாருக்கும் புதிதாகக் காயமில்லை. இரண்டாவதில், ஒரு கச்சேரிக்குப் பேச வருகிறவர் பெயரைத் தட்டிப் பார்த்தால் முதலில் வந்து நிற்பது அதுவாக இருக்கும், அந்தப் பயம் அவருக்கு இருப்பது நியாயம்தான். கேட்டுக்கொண்டே இருங்கள், தப்பில்லை. ராக் பாடகர் நீல் யங்கின் ‘டைம் ஃபேட்ஸ் அவே’ ஆல்பத்துக்கு ரசிகர்கள் அதைத்தான் செய்தார்கள். உடன் வாசித்த நண்பர் டேனி விட்டனை 1972 நவம்பரில் ஒத்திகையிலிருந்து அனுப்பி வைத்தார் யங், அன்றிரவே விட்டன் அளவுக்கு மீறிய போதையில் இறந்துபோனார். அந்தப் பாரத்தோடு போன சுற்றுப்பயணத்தில் பதிவானது அந்த ஆல்பம். தான் செய்ததிலேயே மோசமானது என்றார் யங், அப்போது தனக்கு என்ன நடந்தது என்பதற்கான பதிவாகப் பார்த்தால் நல்லது என்றும் அவரே சொன்னார். அதைச் சிடியாகக் கொடுங்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டு மனுப் போட்டார்கள். 1973இல் வந்த ஆல்பம், 2017இல் சிடியாக வந்தது.

ஆனால் அவ்வளவு காலம் கேசட் தாங்காது. பாலக்காட்டு மழையில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும், இதை இந்த மாதமே செய்யுங்கள். கிடைப்பதிலேயே குறைவாக ஓடிய பிரதியை ஊரில் தேடுங்கள், கோயிலில் ஓடியது தேய்ந்திருக்கும். நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் ப்ளேயரில் போடாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகு போடுங்கள். ப்ளேயரில் நாடாவைப் படிக்கிற ‘ஹெட்’ மேல் நாடாவை அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தால் இன்னொரு பழைய கேசட்டின் கூட்டுக்கு நாடாவை மாற்றிக்கொள்ளலாம், திருகாணி வைத்த கூடாகப் பாருங்கள். முதலில் ஒருமுறை முழுக்க ஓட்டிச் சுற்றிவிட்டு அப்புறம் பதிவு செய்யுங்கள். கம்ப்யூட்டரில் வேவ் கோப்பாக வையுங்கள், எம்பி3 போதாது. இரைச்சலை எடுக்கிறேன் என்று உடுக்கையின் அதிர்வையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். இரண்டு இடத்தில் பிரதி வைத்துவிட்டு மாமாவிடமும் சொல்லிவிடுங்கள், ஒளித்து வைக்க வேண்டாம்.

பதிவு முடிந்ததும் உடுக்கை அடித்தவர், கோரஸ் பாடியவர்கள், பாட்டு எழுதியவர் எல்லார் பெயரையும் ஊரில் விசாரித்து ஒரு தாளில் எழுதுங்கள். கேசட் அட்டையில் மாமாவின் பெயர் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தத் தாளை அவரிடம் காட்டி, விட்டுப்போன பெயர் ஏதாவது இருந்தால் அவரையே சேர்க்கச் சொல்லுங்கள்.